பொய்யாற்றில் வெள்ளம்

எனக்கு வாய் நீளம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். என் மாமியார் பாளையங்கோட்டையில் தெருத்தெருவாகச் சொல்லிவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தாள். "மருமவ நல்லவதான். வாய மட்டும் தைச்சு அனுப்பியிருக்கலாம்" என்பாள். பாவம், அவள் போய் ஒன்றரை வருடமாகிறது. அவள் பெற்ற பிள்ளைக்கோ ஆண்டவன் வாயைச் சோறு தின்ன மட்டும் வைத்திருக்கிறான்.

அந்தப் பிள்ளையின் பெயர் ராகவ். என் வீட்டுக்காரர். ரயில்வேயில் சிக்னல் பிரிவு, சாந்த்ராகாச்சி யார்டில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் மாற்றல் வந்தது. நான் இந்துஜா. அவர் பின்னாலேயே வந்து, அலிப்பூரில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். கோர்ட்டுக்குப் பின்னால் பழைய மாடிவீடு, பத்துப் பேர், ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரு தூங்குமூஞ்சி மரம். குடியிருப்பது கிடர்பூரில். காலையில் அவர் பஸ் ஏறிப் பாலத்தைத் தாண்டி மேற்கே போவார். நான் ஆட்டோவில் கிழக்கே போவேன். நாள் முழுக்க எங்கள் நடுவில் ஹூக்ளி ஓடிக்கொண்டிருக்கும்.

நான் செய்வது டெஸ்டிங். அடுத்தவர் எழுதியதில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கும் வேலை. என் குணத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உலகத்தில் கிடையாது.

நாங்கள் செய்துகொண்டிருந்தது நதிக்கான ஓர் ஆப். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சில நாட்கள் ஹூக்ளியில் கடல் ஏறி வரும். ஆறு கடலைப் பார்த்து ஓடுவதை விட்டுவிடும். தண்ணீர் ஆள் உயரத்துக்குச் சுவராக எழுந்து எதிர்த்திசையில் ஓடி வரும். இங்கே அதைப் 'பான்' என்பார்கள். படகைத் தூக்கிப் படியில் அடிக்கும். இடுப்பளவு நீரில் நிற்கிறவனை ஒரு வார்த்தை கேட்காமல் கூட்டிக்கொண்டு போய்விடும். அது எத்தனை மணிக்கு வரும் என்று கணித்து, அரை மணி முன்னால் ஃபோனில் கத்தி, ஆட்களைக் கரையேற்றுவதுதான் எங்கள் ஆப்பின் வேலை.

அதைத் தனித்தனி அறைகளாகக் கட்டியிருந்தோம். மாட்யூல் என்பது எங்கள் பேச்சு. நதி மாட்யூல் தண்ணீரைக் கணக்கிடும், மணி மாட்யூல் கத்தும். நதியை எழுதியவன் சுஜித். துறைமுகக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளி. என்னை 'இந்து தி' என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடுவான். அவன் தன் கணக்கு முழுவதையும் 'இன்டர்னல்' என்று முத்திரை குத்திவிட்டான். அந்த அறைக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே அது தெரியும். அடுத்த அறையிலிருந்து என் டெஸ்ட் எட்டிப் பார்த்தால், அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

"ஏல சுஜித், கதவக் கொஞ்சம் தொறந்து வையேன். பான் வந்தா மணி சரியா அடிக்கான்னு நான் பாக்கணும்லா? அதுக்கு நெசமாவே பான் வர வரைக்கும் உக்காந்திருக்க முடியுமா?"

"ஆரே, வேண்டாம் இந்து தி. டெஸ்டுக்குன்னு ஒரு தடவ தொறந்தா அப்புறம் மூட முடியாது. நாளைக்கு எல்லா மாட்யூலும் உள்ள கைய விடும். வாசல்ல நின்னு கேளு, பதில் வரும். உள்ள வராதே."

"உன்னக் கட்டிக்கப் போறவ பாவம்" என்றேன்.

அவன் சொன்னது நியாயம்தான், எனக்கும் தெரியும். அவன் கணக்குக்கு அவன் அறைக்குள்ளேயே தனி டெஸ்ட் இருந்தது. ஆனால் மணியைச் சோதிக்க எனக்கு ஓர் ஆறு வேண்டும். அதுவும் நான் சொன்னபடி கேட்கிற ஆறு. ஆகவே ஒன்றை நானே செய்தேன். நிஜ நதி இருக்கும் இடத்தில் உட்கார வைக்க ஒரு போலி. வாசலில் நின்று கேட்டால் நிஜம் மாதிரியே பதில் சொல்லும். உள்ளே கணக்கும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. என் லேப்டாப்பில் ஒரு பக்கத்தைத் திறந்து 'சாந்தம்' என்று வைத்தால் சாந்தம். 'பான்' என்று வைத்தால் பான். அந்தப் போலியோடு இருக்கிற ஃபோன்கள் எல்லாம் நிமிடத்துக்கு ஒரு தடவை என் பக்கத்தை வந்து பார்த்துவிட்டுப் போகும். அதற்குப் பொய்யாறு என்று பெயர் வைத்தேன்.

சிரிப்பார்கள், ஆனாலும் சொல்கிறேன். எனக்குப் பொய்யாற்றின் மேல் ஆசை விழுந்துவிட்டது. மழை மூட்டம் போட்ட மதியங்களில் தூங்குமூஞ்சி மரம் பொழுதோடு இலைகளை மடக்கிக்கொள்ளும். அறை பச்சையாக இருட்டும். அப்போது அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நீலக் கோடு, அவ்வளவுதான். படகு கிடையாது, குப்பை கிடையாது, கடல் எந்தப் பக்கம் என்பதும் கிடையாது. அப்படியே கண் அசந்தால் அதன் கரையில் உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் காலில் வெதுவெதுப்பாக இருக்கும். அக்கரையில் ஒருவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். கூப்பிடுவேன். நான் கூப்பிடுவது எனக்கே கேட்காது. முழித்துப் பார்த்தால் எங்கள் மேனேஜர் ஸ்மிதா தி டீக் கோப்பையோடு எதிரில் நின்று, "ஆறு எப்படி இருக்கிறது?" என்பாள். "சாந்தம்" என்பேன்.

அக்கரையில் நிற்கிற அந்த முதுகு யாருடையது என்று எனக்குத் தெரியும். தினமும் பக்கத்தில் படுத்திருக்கிற முதுகுதானே.

மாமியார் இறந்த நாளைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஊரில் தனியாக இருந்தவளுக்கு மதியம் நெஞ்சு வலித்திருக்கிறது. சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தபோது முடிந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், அதுவும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லித் தெரிந்தது. இவர் போனார், கொள்ளி வைத்தார், மொட்டைத் தலையோடு திரும்பி வந்து யார்டுக்குப் போனார். வருடம் திரும்பி, இந்த ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கிறேன் என்று எள்ளும் சொம்புமாக ஆற்றுக்குக் கிளம்பியவர், பாதி வழியில் திரும்பி வந்தார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பகல் போய் விளக்கு வைக்கும் நேரமும் ஆகிவிட்டது. சோறு ஆறி அவலாகிவிட்டது.

அப்போது என் கையில் ஃபோன் இருந்தது. மணி மாட்யூலுக்கு நிஜமான அலறல் ஒலி இன்னும் வந்து சேரவில்லை. தற்காலிகமாக எதையாவது வைக்க வேண்டும் என்று பதிவு செய்ய ஆரம்பித்திருந்தேன். எனக்குப் பொறுமை போய்விட்டது. மூடிய கதவைப் பார்த்துக் கத்தினேன்.

"ஏங்க! எத்தன தடவ கூப்பிடுதது? வெளிய வாங்க! வெளிய வாங்கன்னு சொல்லுதேன்லா!"

அது பதிவாகிவிட்டது. மறுநாள் ஆபீஸில் போட்டுக் காட்டியதும் சுஜித் தரையில் உருண்டு சிரித்தான். "இதையே வை இந்து தி. பான் பயந்து திரும்பிப் போயிடும்." அதையே வைத்தேன். எங்கள் தொழிலில் இப்படித்தான், தற்காலிகம் என்று வைப்பதற்கெல்லாம் ஆயுசு கெட்டி.

அடுத்த வாரம் ஒரு சந்தேகம் வந்தது. ஃபோனை சைலண்டில் போட்டிருப்பவனுக்குப் பான் வந்தால் கேட்குமா? கேட்டாக வேண்டும். அதைச் சோதிக்க எப்போதும் சைலண்டில் கிடக்கும் ஒரு பழைய ஃபோன் தேவைப்பட்டது. அது என் வீட்டிலேயே இருந்தது. யார்டில் சிக்னல் வேலை பார்க்கும்போது ஃபோன் அடிக்கக் கூடாது. இவர் வீட்டுக்கு வந்தும் அதை மாற்ற மாட்டார். பொய்யாறு வைத்த ஆப்பை அவர் ஃபோனில் ஏற்றினேன். ஆபீஸில் இருந்த எட்டு ஃபோன்களோடு அதை ஒன்பதாவதாகப் பட்டியலில் சேர்த்தேன்.

"என்ன இது?" என்றார்.

"நான் பண்ணின ஆப்பு. ஆறு எப்படி இருக்குன்னு சொல்லும். பான் வந்தா கத்தும். சைலண்ட்ல போட்டாலும் கத்தும்."

"சைலண்ட்ல போட்டாலுமா?" என்று அவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் எதையாவது இரண்டாம் தடவை கேட்டு நான் பார்த்ததில்லை. ஓரத்தில் 'ஒலி சோதனை' என்று ஒரு பொத்தான் உண்டு. அமுக்கிக் காட்டினேன். "ஏங்க! எத்தன தடவ கூப்பிடுதது?" என்று வீடு அதிர்ந்தது. அவர் சிரிக்கவில்லை. ஃபோனை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

மகாளய அமாவாசை வந்தது. துர்கா பூஜைக்கு முன்னால் ஆப் வெளியாக வேண்டும். முந்தின நாள் எல்லா டெஸ்ட் ஃபோன்களிலிருந்தும் பொய்யாற்றை எடுத்துவிட்டு சுஜித்தின் நிஜ நதியை ஏற்றினோம். எட்டை ஆபீஸிலேயே மாற்றினேன். ஒன்பதாவதை வீட்டுக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வீட்டுக்குப் போனால் அவர் எள்ளைப் புடைத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு மேல போறேன். கூட்டமில்லாத படித்துறை ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், படகுத்துறைக்கு அந்தப் பக்கம்."

"நானும் வாரேன். ஆபீசுக்கு லீவு சொல்லுதேன்."

"வேண்டாம்."

"ஏன் வேண்டாம்? எனக்கும் அவ மாமியார்தான?"

"நீ வேண்டாம், இந்து."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உம்முடைய துக்கம் உம்மோடு, நான் யாரோ எவளோ என்று கத்தினேன். அவர் முறத்தை ஓரமாக வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். ஃபோனைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவரிடம் போய் வலிய ஒரு பொருளைக் கேட்க என் ரோஷம் விடவில்லை. செருப்பால் அடித்தாலும் தகும் எனக்கு.

மறுநாள் விடியுமுன்பே தெருவில் எல்லா வீட்டு ரேடியோவும் சண்டி பாராயணம் சொல்லிக்கொண்டிருந்தன. நான் அவரிடம் பேசாமலே கிளம்பினேன்.

ஆபீஸில் நீள மேஜை மேல் ஃபோன்களை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தோம். நிஜ நதிக்கு அன்றுதான் முதல் அமாவாசை. ஜன்னலில் மெல்லிய தூறல், மரத்துக்கு மேலே வெயிலும் இருந்தது. பத்து இருபத்தொன்றுக்கு முதல் ஃபோன் சிவந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. 'பான். 10:54. கரையேறவும்.' நிஜ அலறல் ஒலியும் இப்போது வந்துவிட்டிருந்தது. அத்தனையும் சங்கு ஊதின. சுஜித் கையைத் தூக்கிக்கொண்டு குதித்தான். ஸ்மிதா தி எல்லோருக்கும் சந்தேஷ் இனிப்புக் கொடுத்தாள்.

நான் வழக்கம்போலப் பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்த்தேன். எங்கள் முறை அது, பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஃபோனுக்கும் நேராக டிக் போட வேண்டும். எட்டு டிக் போட்டேன். ஒன்பதாவது வரியில் 'ராகவ், பழைய ஃபோன், எப்போதும் சைலண்ட்' என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

வாயில் போட்ட சந்தேஷைக் கையில் துப்பினேன்.

அந்த ஃபோன் இன்னும் பொய்யாற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மணிச் சோதனை முடிந்து பொய்யாற்றை நான் சாந்தத்தில் வைத்து ஐம்பது நாளாகிறது.

கூப்பிட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டேன், ஆறு தடவை. சைலண்டில் ஃபோன், பைக்குள்ளே. பை படியில், அவர் தண்ணீரில். எனக்குக் கண்முன்னால் அந்த முதுகு தெரிந்தது. ஸ்மிதா தி ஆற்றுப் போலீஸைக் கூப்பிட்டாள். அன்றைக்கு ஊரே படித்துறையில் நிற்கிறது, பெரிய படித்துறைகளில் மைக் வைத்திருக்கிறோம், சின்னதற்கு ஆள் அனுப்பப் பார்க்கிறோம் என்றார்கள். ஆட்டோ பிடித்து ஓடினாலும் அன்றைய நெரிசலில் முக்கால் மணி நேரம் ஆகும்.

"ஐயோ சுஜித், அவரு ஆத்துல நிக்காருடா" என்று கத்தினேன். அழுகை வந்துவிட்டது.

அவன் என் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். நீலக் கோடு அப்படியே சலனமில்லாமல் கிடந்தது.

"உன் ஆறு நீ சொன்னா கேக்கும்ல, இந்து தி? அதுல பான் விடு."

எனக்கு அது தோன்றவே இல்லை. 'சாந்தம்' என்பதை எடுத்துவிட்டுப் 'பான்' என்று வைத்தேன். நேரம் 10:54. அமுக்கினேன். நீலக் கோடு எழுந்து சுவராக நின்றது.

கீழே ஒரு சின்ன அட்டவணை உண்டு. பொய்யாற்றைப் பார்க்கும் ஃபோன்கள் என்ன செய்கின்றன என்று அதில் வரிவரியாக வந்து விழும். இப்போது அதில் ஒரே ஒரு ஃபோன்தான் மிச்சம்.

10:30. மணி அடிக்கிறது.

அங்கே படியில் ஈரத் துண்டுக்கு அடியில் என் குரல் கத்திக்கொண்டிருக்கும். மேஜையைச் சுற்றி எல்லோரும் நின்றிருந்தார்கள். யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். சுவர்க் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரியும். 10:31. மணி அடிக்கிறது. 10:32. மணி அடிக்கிறது. இங்கே ஓர் ஒலியும் இல்லை. கனவில் கூப்பிடுவது போலவே இருந்தது. நான் கூப்பிடுவது எனக்குக் கேட்கவில்லை.

அடுத்த வரி வருவதற்குள் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அட்டவணையை மேலே தள்ளிப் பழைய வரிகளைப் பார்த்தேன். நான் அதுவரை பார்த்ததே இல்லை. அந்த ஃபோனில் என்ன நடந்தாலும் ஆபீஸுக்கு எழுதி அனுப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. 'ஒலி சோதனை, மதியம் 1:10.' மறுநாளும் ஒலி சோதனை, 1:12. அதற்கு மறுநாள் 1:09. எண்ணினேன். நாற்பத்தேழு. ஐம்பது நாளில் மூன்று நாள்தான் விடுபட்டிருந்தது. யார்டில் சாப்பாட்டு நேரம் அது. அவருக்கு வார லீவு வருவதும் நான் ஆபீஸில் இருக்கும் நாளில்தான். மனுஷன் தினமும் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நான் திட்டுவதைக் கேட்டிருக்கிறார்.

எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்தக் குரல் அவருக்கு நன்றாகப் பழக்கம் என்பது மட்டும் புரிந்தது. 'வாங்க, வெளிய வாங்க' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

10:35. மணி அடிக்கிறது.

10:36. மணி அடிக்கிறது.

10:37. மணி நிறுத்தப்பட்டது.

அது தானாக நிற்காது. திரையில் விரலை வைத்து இழுக்க வேண்டும். யாருடைய விரல்? நான் மறுபடி கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"இந்து? உன் ஆப்பு கத்துச்சு. காலையில சாந்தம்னுதான போட்டிருந்துச்சு?"

"ஏங்க, எங்க நிக்கீங்க?"

"படியிலதான்."

"மேல ஏறுங்க! ரோட்டுக்குப் போங்க! பக்கத்துல யாரு இருந்தாலும் இழுத்துட்டுப் போங்க! ஒண்ணும் கேக்காதீங்க, ஏறுங்க!"

அவர் எதுவும் கேட்காமல் ஏறினார். மூச்சு வாங்குவது கேட்டது. யாரையோ வங்காளியில் கூப்பிடுவது கேட்டது, அவருடைய அரைகுறை வங்காளி. நான்கைந்து பேர் குரல். ஒரு பெண் சிரித்தாள், அப்புறம் சிரிப்பை நிறுத்தினாள். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஃபோனை வைக்கவே இல்லை. நான் மாடிப்படியில் இறங்கி, ஆட்டோவில் ஏறி, அலிப்பூர் நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டிருந்தேன். காதில் அவருடைய கரையின் காற்று வீசிக்கொண்டிருந்தது. தூறலில் தெரு முழுவதும் பாலாடை போட்ட மாதிரி வெளுத்துக் கிடந்தது. லாரிகள் ஓசையில்லாமல் போயின. எனக்கு அந்த ஓர் ஓசையைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

10:55க்குத் தூரத்தில் "பான்! பான்!" என்று கத்தினார்கள். பிறகு ஓர் இரைச்சல் வந்தது. ரயில் பாலத்தில் ஏறுகிற மாதிரி இருந்தது. நெடுநேரம் போய்க்கொண்டே இருந்தது. சுஜித்தின் கணக்கு ஒரு நிமிடம் தப்பு. அதைக்கூட நான் மனதில் குறித்துக்கொண்டேன் பாருங்கள், என் புத்தி அப்படி.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் சாலையோரம் ஒரு மூடின டீக்கடைப் பலகையில் உட்கார்ந்திருந்தார். ஈர வேட்டி, மடியில் சொம்பு. படித்துறையில் மேலே மூன்று படிதான் தெரிந்தது. மற்றதெல்லாம் பழுப்புத் தண்ணீர். அவர் இடுப்பளவில் நின்ற இடத்தின் மேலே இப்போது ஓர் உடைந்த மூங்கில் தட்டி சுற்றிக்கொண்டிருந்தது.

"செருப்பு போச்சு" என்றார்.

நான் அவர் தோளில் நாலு அடி வைத்தேன். அழுதுகொண்டே வைத்தேன். "சாந்தம்னு போட்டிருந்தா எறங்கிருவீங்களா? அது பொய்ங்க. நான் டெஸ்டுக்கு வச்ச பொய். எடுக்க மறந்துட்டேன். மறக்கல, ரோஷத்துல கேக்கல. உங்களக் கொல்லப் பாத்தேன்ங்க."

"நீ பண்ணினதுன்னு எறங்கினேன்" என்றார். குறை சொல்கிற குரலில் இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் ஆறு மேற்கொண்டு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடலிலிருந்து வந்த தண்ணீர் அவசரமே இல்லாமல் மேலே போய்க்கொண்டிருந்தது. என் வாய் சும்மா இருக்குமா?

"தெனம் எதுக்கு அந்த ஒலி சோதனைய அமுக்குனீங்க? நாப்பத்தேழு தடவ. நான் பாத்தேன்."

அவர் பதில் சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தேன். வழக்கம் அதுதானே. சொம்பின் விளிம்பைக் கட்டை விரலால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு ஃபோன் சைலண்ட்ல இருந்துச்சு, இந்து. யார்டுல. சாயங்காலம்தான் எடுத்துப் பாத்தேன்." நிறுத்தினார். "அம்மா பதினோரு தடவ கூப்பிட்டிருக்கா."

ஒன்றரை வருடம். ஒரே வீடு, ஒரே பாய்.

"சைலண்ட்ல போட்டாலும் கேக்கும்னு நீ சொன்னேல்லா? தெனம் சாப்பிடும்போது ஒரு தடவ அமுக்கிப் பாப்பேன். யாராவது கூப்பிட்டா எனக்குக் கேக்குதான்னு."

பாளையங்கோட்டை முழுக்கப் பேர்போன வாய் என்னுடையது. அதிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கையில் எள் ஒட்டியிருந்தது.

"மூணாவது தடவ எள்ளு தண்ணி விடயில கேட்டுச்சு" என்றார். "மொதல்ல அசையத் தோணல. கேட்டுக்கிட்டே நின்னேன். கத்திக்கிட்டே இருந்துச்சு, விடவே இல்ல. அப்புறம் வந்துட்டேன்."

ஆறு நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கரையேறியிருந்தவர்கள் ஒவ்வொருவராக மேல் படிக்குத் திரும்பிப் போய், உட்கார்ந்தபடியே கையை நீட்டித் தண்ணீர் அள்ளத் தொடங்கினார்கள். அவர் சொம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். வெறுங்காலோடு இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றார். முதுகுதான் தெரிந்தது. பிறகு திரும்பிப் பார்த்தார்.

"பாதிதான் ஆச்சு" என்றார். "நீயும் வா."

போனேன்.